கேம் போட்டால் மட்டும் நீலத் திரை

கேள்வி: அண்ணாச்சி, என் கம்ப்யூட்டரில் 8 ஜிபி ராம் இருந்தது. போன மாதம் இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டேன். அதிலிருந்து பெரிய கேம்கள் அரை மணி நேரத்தில் தானாக மூடிக்கொள்கின்றன. இரண்டு தடவை நீலத் திரையும் வந்தது. கேமை மூன்று முறை அழித்து மறுபடி இறக்கிவிட்டேன். யூடியூப், காலேஜ் வேலை எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. கடையில் கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்கிறார்கள். மாற்றிவிடவா?
– வாசகர், குலசேகரம்

பதில்: மாற்றாதீர்கள் தம்பி. ராம் போட்ட மாதமே தொல்லை தொடங்கியிருக்கிறது. முதலில் அதைத்தான் சோதிக்க வேண்டும்.

யூடியூப்புக்கு நாலைந்து ஜிபி போதும். ராமில் ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 அல்லது 1-ஐ, வைத்திருக்கும் நுண்ணிய அறைக்கு செல் என்று பெயர். பழுதான செல் யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் இருந்தால் மாதக்கணக்கில் தெரியாது. பெரிய கேம் அப்படி இல்லை. சுருக்கி வைத்த கோப்புகளை விரித்து, ராமின் மூலை முடுக்கெல்லாம் நிரப்பும். பழுதான செல்லால் ஒரு பிட் மாறியது படத்துக்குள் என்றால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், அவ்வளவுதான். அடுத்து எங்கே போக வேண்டும் என்று குறித்த முகவரியில் மாறினால் கேம் அங்கேயே விழும். சர்வர்களில் இருக்கும் ஈசிசி ராம் ஒற்றை பிட் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். நம் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் அது கிடையாது.

போன ஐப்பசி மழையில் குளச்சல் பையன் ஒருவன் இதே தொல்லையோடு வடசேரியில் என் கடைக்கு வந்தான். பென்டிரைவில் மெம்டெஸ்ட்86+ என்ற ராம் சோதிக்கும் மென்பொருளைப் போட்டு ஓடவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டுப் போனேன். காலையில் வந்தால் திரை நிறைய சிவப்பு வரிகள். எழுதிய எண், திரும்ப வாசித்த எண், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். வரிக்கு வரி ஒரே ஒரு இலக்கம் வேறு, அதுவும் அதே இடத்தில்.

கேமுக்காக நான் வருத்தப்படவில்லை. அவன் அக்கா கல்யாணப் படங்களை அந்தக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு மொபைலில் அழித்திருந்தான். பழுதான ராம் வழியாகப் போனதில் பதினேழு படங்கள் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். ராமை மாற்றிக் கொடுத்தேன், படங்களைக் கொடுக்க முடியவில்லை. ஆகவே சோதித்து முடிக்கும்வரை உங்கள் ப்ராஜெக்ட், போட்டோ எதையும் அந்தக் கம்ப்யூட்டரில் காப்பி எடுக்காதீர்கள்.

இனி வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, பின்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் துடைத்து, இரு பக்கமும் கிளிக் என்று விழும்படி அழுத்துங்கள். மெம்டெஸ்ட் இலவசம்தான், ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், 'ஒன்றுதானே' என்று விடாதீர்கள். வந்தால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி, அதாவது ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு, போட்டிருக்கிறதா பாருங்கள். அதை அணைத்ததும் பிழை நின்றால், இரண்டு ராமும் சேர்ந்து அந்த வேகத்தைத் தாங்கவில்லை என்று பொருள். குறைந்த வேகத்திலேயே ஓட்டலாம். நிற்கவில்லையா, ராமை ஒவ்வொன்றாக ஒரே ஸ்லாட்டில் (ராமைச் செருகும் இடம்) போட்டுச் சோதியுங்கள். இரண்டுமே அங்கே பிழை காட்டினால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். மதர்போர்டிலும் கோளாறு இருக்கலாம்.

புது ராம்தான் குற்றவாளி என்றால் பில்லோடு வாங்கிய கடைக்கே போங்கள். ஒரு மாதம்தானே ஆகிறது, வாரண்டியில் மாற்றிக் கேளுங்கள். ராமின் மேல் ஒட்டிய லேபிளில் சீரியல் நம்பர் இருக்கும்; துடைக்கும்போது அது கிழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.