கண்ணாடி டம்ளரில் பெயின்டிங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: டம்ளரில் வரைந்த பூ, சில தடவை கழுவியதுமே உரிந்து வந்துவிட்டது. ஏன்?

எப்படி உரிந்தது என்று பாருங்கள். தோல்போல முழுசாகக் கழன்று வந்தால், அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தேய்ந்தால், பெயின்ட் சரியாக இறுகவில்லை.

கண்ணாடி எதையும் உறிஞ்சாது. பெயின்ட் அதன் மேல் ஒட்டித்தான் நின்றாக வேண்டும். ஒரு விரல் ரேகை போதும், அந்தப் பிடிப்பைக் கெடுக்க. சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவுங்கள். போர்வெல் தண்ணீரின் வெள்ளை உப்புப் படிவம் இருந்தால் வினிகர் தொட்டுத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, காயவிடுங்கள். கடைசியாக மெடிக்கலில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கி, நூல் பிரியாத துணியால் துடையுங்கள். ஹேண்ட் சானிடைசர் இதற்கு ஆகாது. அதில் பெரும்பாலும் கிளிசரின் கலந்திருக்கும், அதுவே படலமாகத் தங்கிவிடும். துடைத்த பிறகு, வரையப்போகும் இடத்தில் கை படக்கூடாது. உள்ளே இரண்டு விரலை விட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கே: எந்த பெயின்ட் வாங்குவது?

பூ ஜாடி, போட்டோ ஃபிரேம் போலப் பார்வைக்கு மட்டும் வைப்பதற்கு, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சாதாரண கிளாஸ் கலர் போதும். தினமும் கழுவும் டம்ளருக்கு, அவனில் (oven, சுடும் மின் அடுப்பு) சுட்டு இறுக்கும் வகைதான் வேண்டும். பெபியோ நிறுவனத்தின் விட்ரியா 160 அப்படிப்பட்டது. அதே நிறுவனத்தின் விட்ரெயில் சால்வென்ட் (ரசாயனக் கரைப்பான் கலந்த) வகை, அதைச் சுடக்கூடாது. பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் லேபிளைப் படித்து வாங்குங்கள்.

கே: ஓடிஜியில் (OTG எனும் சிறிய மின் அவன்) சுட்டபோது டம்ளர் விரிசல் விட்டது, வெள்ளை நிறமும் பழுப்பாகிவிட்டது.

இரண்டும் வேறு வேறு கோளாறுகள். விரிசலுக்குக் காரணம் திடீர் சூடு, அல்லது திடீர் குளிர்ச்சி. சூடான அவனுக்குள் டம்ளரை வைக்காதீர்கள். குளிர்ந்த அவனில் வைத்துவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். விட்ரியாவுக்கு 160 டிகிரி செல்சியஸ், 40 நிமிடம். அந்த 40 நிமிடத்தை, சூடு 160-ஐத் தொட்ட பிறகுதான் எண்ண வேண்டும். முடிந்ததும் அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் முழுக்க ஆறவிடுங்கள். அவசரப்பட்டு ஈர மேடையில் எடுத்து வைத்தால், அங்கேயே ‘டக்’ என்று பிளக்கும்.

பழுப்பாவது அதிகச் சூட்டினால். ஓடிஜி குமிழ் காட்டும் அளவும் உள்ளே இருக்கும் சூடும் பல வீடுகளில் ஒத்துப்போவதில்லை. அவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. டம்ளரை மேல் கம்பியிலிருந்து தள்ளி, நடுத்தட்டில் வையுங்கள். மைக்ரோவேவ் என்றால் கன்வெக்‌ஷன் மோடு (சூடான காற்றால் சுடும் முறை) மட்டும்தான். வரைந்து 24 மணி நேரம் காயாமல் சுட்டால், உள்ளே தங்கிய ஈரம் கொப்புளமாகக் கிளம்பும்.

கே: அவுட்லைனைத் தாண்டி நிறம் வழிகிறது. குமிழும் வருகிறது.

கோட்டில் எங்கோ இடைவெளி இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, லைனரால் (அவுட்லைன் போடும் டியூப்) அடைத்துவிட்டு, கோடு நன்றாகக் காய்ந்த பிறகு நிறம் விடுங்கள். பாட்டிலைக் குலுக்குவதால்தான் குமிழ் வருகிறது. குச்சியால் மெதுவாகக் கலக்கினால் போதும். வந்துவிட்ட குமிழை, ஈரம் இருக்கும்போதே குண்டூசியால் குத்துங்கள். வளைந்த டம்ளரில் ஒரே மூச்சில் சுற்றிலும் நிறம் போட்டால், அது கீழே இறங்கத்தான் செய்யும். மடித்த துண்டின் மேல் படுக்கவைத்து, மேலே தெரியும் பகுதியை மட்டும் முடித்து, காய்ந்ததும் உருட்டுங்கள்.

கே: அந்த டம்ளரில் ஜூஸ் குடிக்கலாமா?

வெளிப்பக்கம் மட்டும் வரைந்து, விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டரை வெறுமையாக விட்டிருந்தால் குடிக்கலாம். உள்பக்கம் பெயின்ட்டே கூடாது. ‘நச்சற்றது’ என்று லேபிளில் இருப்பது, உணவு படலாம் என்ற உத்தரவாதம் ஆகாது. கழுவும்போது கம்பி நார் வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம்.

கே: கண்ணாடித் தட்டில் பெயர் எழுதிப் பரிசளிக்க ஆசை. உணவு படாமல் எப்படி?

தட்டின் அடிப்பக்கத்தில் வரையுங்கள், மேலிருந்து பார்த்தால் தெரியும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் இந்த முறைதான். வழக்கமான வரிசை இங்கே தலைகீழாகும். கோடு, கண், நகை போன்ற நுணுக்கங்கள் முதலில், அப்புறம் உடல் நிறம், பின்னணி கடைசியில். முதலில் போட்டதுதான் பார்ப்பவருக்கு முன்னால் நிற்கும் என்பதால், மை தீட்டிய கண்ணைப் பிறகு திருத்த வழியில்லை. ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பின்பே அடுத்ததைப் போடுங்கள். ஈரத்தில் பிரஷ் பட்டால் கீழே உள்ளது கிளம்பிவிடும். பெயரை டிரேசிங் பேப்பரில் எழுதி, சாப்பிடும் பக்கத்திலிருந்து பார்த்தால் நேராக வாசிக்க வரும்படி ஒட்டுங்கள். தட்டைக் கவிழ்த்தால் எழுத்துகள் இடவலம் மாறித் தெரியும், அப்படியே வரைந்துவிடுங்கள்.