கட்டடம் கேளுங்கள்: கோணல் திறப்பும் புது ஜன்னலும்

கேள்வி: புது வீட்டுக்கு நான்கடி அகலத்தில் யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல்கள் வாங்குகிறோம். ஜன்னலுக்காகச் சுவரில் விட்ட ஒரு திறப்பு கோணலாகத் தெரிகிறது. "ஜன்னலை மாட்டியபின் சிலிக்கான் பசை வைத்து அடைத்துவிடலாம்" என்கிறார் மேஸ்திரி. விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: விடாதீர்கள் அம்மா. உங்கள் மேஸ்திரி மர நிலையில் கை பழகியவராக இருப்பார். மர நிலையை முதலில் நிறுத்தி, நிலையைச் சுவரோடு பிடித்துவைக்கும் ஹோல்ட்ஃபாஸ்ட் இரும்பைக் கட்டுக்குள் புதைத்து, அதை ஒட்டியே சுவரை எழுப்புவார்கள். கோணல் இருந்தாலும் பூச்சில் மறைந்துவிடும். யுபிவிசி ஜன்னலோ கடைசியில் வருகிறது. இடிக்கிறதே என்று அதில் ஒரு நூல்கூட இழைக்க முடியாது.

எனவே திறப்பின் உட்பக்கங்களைப் பூசி முடித்து, நீராற்றிய பிறகே அளவெடுக்க ஆளைக் கூப்பிடுங்கள். அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் பாருங்கள், உயரத்தையும் அப்படியே. கணக்குக்கு மிகக் குறைந்த அளவுதான். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடியுங்கள். இரண்டு அளவுக்கும் 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் பூச்சைக் கொத்தித் திருத்தச் சொல்லுங்கள். பக்கங்களுக்குத் தூக்குக்குண்டு, அடிக்கு ரசமட்டம். இதற்கு முகம் சுளிக்கும் மேஸ்திரியிடம் கூலியைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள்!

சிலிக்கான் என்பது சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விடும் சிறிய சந்துக்கு மட்டும். இரண்டு விரல் நுழையும் பிளவில் அதைப் பிதுக்கினால் வெயிலில் விரிந்து சுருங்கிப் பிய்ந்துவிடும். பட்டி பார்த்த மாவுப் பரப்பிலும் தூசியிலும் அது ஒட்டவே ஒட்டாது.

கடலூர் என்பதால் ஐப்பசி, கார்த்திகையை நினைத்துச் சொல்கிறேன். அங்கே காற்று மழையைச் சுவரில் அறையும். ஜன்னலின் அடிக் கட்டை வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும். கிரானைட் போட்டால் சுவரைத் தாண்டி ஓர் அங்குலம் நீட்டி, நீட்டிய பகுதியின் அடியில் நீளவாக்கில் ஒரு காடி (சிறு பள்ளக் கோடு) வெட்டச் சொல்லுங்கள். நீர் சுவரில் வழியாமல் அங்கேயே சொட்டிவிடும். சன்ஷேடின் அடியிலும் இதே காடி வேண்டும். சட்டத்தின் வெளிப்பக்கக் கீழ்விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். உள்ளே புகுந்த மழைநீர் வெளியேற வைத்தவை அவை. கடைசிப் பூச்சின்போது 'ஓட்டை இருக்கிறதே' என்று சிமென்ட்டால் அடைக்கும் புண்ணியவான்கள் உண்டு. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பால்கனிக் கதவு இருந்தால், டைல்ஸ் போட்ட பிறகும் பால்கனித் தரை அறையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்பதைக் கதவுக்கு அளவு கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.