நன்றாக ஓடிக்கொண்டிருந்த 'குட் டைம்ஸ்' தொடர் ஏன் சரிந்தது?

ஒரு குடும்பத்தின் கதையை ஒரே ஒருவனின் சேட்டையாக மாற்றியதுதான் காரணம். 1974இல் அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் தொடங்கிய நகைச்சுவைத் தொடர் இது, சிகாகோவில் அரசுக் குடியிருப்பில் கஷ்டப்படும் கறுப்பினக் குடும்பத்தைப் பற்றியது. முதலில் அப்பா பாத்திரமே கிடையாது, அம்மாவாக நடித்த எஸ்தர் ரோல்தான் கணவர் இருந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆனால் மூத்த மகன் ஜே.ஜே. 'டைனமைட்!' என்று கத்துவதற்குக் கைதட்டல் விழ ஆரம்பித்ததும் கதை அவன் பக்கமே சாய்ந்துவிட்டது. ரோலும், அப்பாவாக நடித்த ஜான் ஏமோஸும் இதை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள்.

சரி, தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? 1976இல் ஏமோஸை நீக்கிவிட்டு, அப்பா கார் விபத்தில் இறந்ததாகக் கதையை மாற்றினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் முன்னால் கண்கலங்காமல் இருந்த அம்மா, அவர்கள் போனபின் கண்ணாடிக் கிண்ணத்தைத் தரையில் போட்டு உடைப்பார் பாருங்கள், அந்தக் காட்சியை மறக்கவே முடியாது. தொடரின் உச்சமும் அதுதான், முறிவும் அதுதான் என்பேன். அடுத்த ஆண்டே ரோலும் விலகினார். சிறுமி ஜேனட் ஜாக்சனைச் சேர்த்துப் பார்த்தார்கள், அப்புறம் கடைசி சீசனுக்கு ரோலையே திரும்ப அழைத்து வந்தார்கள், ஆனால் போன பார்வையாளர்கள் வரவில்லை. 1979இல் தொடர் நின்றது.