பத்து நாளில் ஏழு கிரேக்கத் தீவுகள்: நடைப்பயணத்துக்கு இந்தத் திட்டம் சரிவருமா?

மிகோனோஸ், பாரோஸ், நாக்ஸோஸ், அமோர்கோஸ், ஈயோஸ், சான்டோரினி, மீலோஸ் என்று ஏழு தீவுகளைப் பத்து நாளில் சுற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கப்பலில் சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் எப்படியோ முடித்துவிடலாம். நடக்கத்தான் போகிறீர்கள் என்றால் வேண்டாம். நாலு போதும்.

நானும் மனைவியும் ஒரு மே மாதம் பதினோரு நாள் போனோம். ஆறு தீவுகளுக்குத் திட்டம் போட்டு, நாலோடு திரும்பினோம். காரணம் காற்று. பலமாக வீசினால் துறைமுகத்திலிருந்து கப்பலையே விடமாட்டார்கள். நாக்ஸோஸில் இரண்டு நாள் அப்படி நின்றுவிட்டோம். அடுத்த தீவில் பதிவு செய்திருந்த அறைப் பணமும் போயிற்று. ஆனால் அந்த இரண்டு நாளும் ஹல்கி, ஃபிலோட்டி ஊர்களைச் சுற்றி ஒலிவத் தோப்புகளுக்குள்ளேயே நடந்தோம். மேலே காற்று இரைந்துகொண்டிருக்க, தோப்புக்குள் இலைகூட மெதுவாகத்தான் அசைந்தது. வழியெல்லாம் பைசாந்தியக் காலத்துச் சின்னச் சின்னக் கற்கோயில்கள்.

ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். 'மெல்தெமி' என்ற வடகாற்று நாள்கணக்கில் அடிக்கும் மாதங்கள் அவை, வெயிலும் கொளுத்தும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை நல்லது. செப்டம்பர் கடைசிக்குப் பிறகும் போகலாம், ஆனால் பூக்களும் பச்சையும் வசந்தத்தில்தான்.

அங்கே நடப்பது பெரும்பாலும் 'கல்தெரிமி' எனப்படும் கல் பாவிய பழைய பாதைகளில். கார் சாலை வருமுன் கழுதையும் மனிதரும் ஊருக்கு ஊர் போன வழி அதுதான். முதல் நாளுக்குப் பாரோஸில் லெஃப்கெஸ் ஊரிலிருந்து புரோத்ரோமோஸ் ஊர் வரை நடங்கள். ஏறக்குறைய 4 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். சில இடங்களில் காலடியில் கிடப்பது பளிங்கு. மழை பெய்திருந்தால் வழுக்கும்.

நாக்ஸோஸில் ஸாஸ் மலை ஏறலாம். சுமார் 1,000 மீட்டர்தான், ஆனால் இந்தத் தீவுகளெல்லாம் சேர்ந்த சைக்ளேட்ஸ் தீவுக்கூட்டத்திலேயே உயரமானது. மலையில் உள்ள குகைப் பக்கத்து வழி செங்குத்து, கல் சரியும். அகியா மரீனா கோயில் பக்கமாக ஏறுவதே முழங்காலுக்கு நல்லது.

என்னைக் கேட்டால் அமோர்கோஸுக்கு மட்டும் மூன்று நாள் கொடுங்கள். 'ஹோரா' என்ற மேட்டு ஊரிலிருந்து வடக்கே எகியாலி ஊர் வரை முதுகுத்தண்டு போல ஓடும் மலைமேல் ஒரு பழைய பாதை இருக்கிறது. சுமார் 15 கிலோமீட்டர்; நாங்கள் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டோம். தொடக்கத்திலேயே ஹோசொவியோதிசா மடம், கடலுக்கு ஏறத்தாழ 300 மீட்டர் மேலே செங்குத்துப் பாறையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். 1088-இல் பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்ஸியோஸ் புதுப்பித்தது என்கிறார்கள். உள்ளே ஆண்களுக்கு முழுக்கால் சட்டை, பெண்களுக்கு நீண்ட பாவாடை வேண்டும். வருகிறவர்களுக்கு ஒரு துண்டு இனிப்பும் தேன் சேர்த்துக் காய்ச்சிய மதுவும் தருகிறார்கள். எங்களுக்கு இனிப்பும் தண்ணீருமே போதுமாயிருந்தது.

அதன்பின் நிழலே கிடையாது. ஆட்டு மணியும் காட்டுத் தைம் மூலிகை வாசனையும் மட்டும். எகியாலி நெருங்கும்போது இடப்பக்கம் நிகூரியா என்ற குட்டித் தீவு தெரியும்; அதைப் பார்த்ததும் மனைவி ஒரு கல்லில் உட்கார்ந்து, அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. அந்த அரைமணிக்கு இடம் இருக்கும்படி திட்டம் போடுங்கள் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சான்டோரினியைக் கடைசியில் வையுங்கள். ஃபிரா ஊரிலிருந்து ஈயா ஊர் வரை எரிமலைப் பள்ளத்தின் விளிம்பிலேயே சுமார் 10 கிலோமீட்டர். காலை ஏழுக்குள் கிளம்பினால் கூட்டத்துக்கு முன் முடியும். அங்கே 'ஃபாவா' கேளுங்கள்: நம் பருப்பு மசியல் போலவே, மேலே ஒலிவ எண்ணெயும் பச்சை வெங்காயமும். சைவக்காரர்களுக்கு வரப்பிரசாதம்.

ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர், முட்புதருக்கு முழுக்கால் சட்டை, கணுக்காலைப் பிடிக்கும் காலணி. வழியில் கம்பியால் கட்டிய ஆட்டுப்பட்டிக் கதவுகளைத் திறந்தால் மறுபடி கட்டிவிட்டுப் போங்கள். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு ஏதென்ஸில் இருங்கள், தீவில் இருக்காதீர்கள். மிகோனோஸ், ஈயோஸ், மீலோஸ் மூன்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் இதற்கெல்லாம் நாள் கிடைக்கும்.