மல்லுக்கு நிற்பதா, பாக்கி தீர்ப்பதா?

கேள்வி: கால்பந்துச் செய்தியில் 'ஸ்கொயர்ட் அப் டு தி ரெஃப்ரீ' என்று படித்தேன். அகராதியில் 'ஸ்கொயர் அப்' என்றால் கணக்குத் தீர்ப்பது என்று இருக்கிறதே?

பதில்: இரண்டும் சரிதான். பின்னால் ஒட்டும் சொல்தான் பொருளை மாற்றுகிறது. 'டு' வந்தால் சண்டைக்குத் தயாராக எதிரே நிற்பது: நெஞ்சை நிமிர்த்தி, கைமுட்டியை இறுக்கி, மூக்குக்கு மூக்கு. அடி இன்னும் விழவில்லை. 'நடுவரிடம் மல்லுக்கு நின்றார்' என்று எழுதலாம். 'நடுவரை அடித்தார்' என்று எழுதினால் செய்தியே பொய்யாகிவிடும். எதிரே ஆளுக்குப் பதில் பிரச்சினை இருந்தால் ('ஸ்கொயர் அப் டு தி ப்ராப்ளம்'), தயங்காமல் எதிர்கொள்வது.

'வித்' வந்தால் பண விஷயம். 'ஐ வில் ஸ்கொயர் அப் வித் யூ டுமாரோ' என்றால் பாக்கியை நாளைக்குத் தந்துவிடுகிறேன், அவ்வளவே. நம் 'கணக்குத் தீர்ப்பதில்' அடிக்கும் பழிவாங்கும் வாடை இதில் கிடையாது.

பலர் 'டு'வை விழுங்கிவிட்டு 'ஹி ஸ்கொயர்ட் ஹிம் அப்' என்கிறார்கள். அது கிரிக்கெட் பேச்சு: பக்கவாட்டில் நின்ற பேட்ஸ்மேனைப் பந்து தடுமாறவைத்து, நெஞ்சு பவுலரைப் பார்க்கும்படி திருப்பிவிட்டது என்று பொருள். இரண்டு அணிகள் மோதப்போவதற்கு அமெரிக்கப் பத்திரிகைகளில் 'ஸ்கொயர் ஆஃப்'தான் அதிகம்.