உலர் உணவு மட்டுமே சாப்பிடும் பூனைக்குச் சர்க்கரை நோய் வருமா?

எட்டு வயது ஆண் பூனை, கருத்தடை செய்தாயிற்று, வீட்டை விட்டு வெளியே போவதில்லை, உலர் உணவு மட்டுமே சாப்பிடுகிறது, உடம்பும் போட்டுவிட்டது; உணவை மாற்றினால் சர்க்கரை நோய் வராமல் தடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆபத்தை நன்றாகவே குறைக்கலாம். ஆனால் என்ன உணவு என்பதற்கு முன்னால், எவ்வளவு உணவு என்று பாருங்கள். நாள் முழுக்க நிரம்பியிருக்கும் கிண்ணத்தைத்தான் நான் முதலில் எடுத்து வைப்பேன்.

பூனைகளுக்குப் பெரும்பாலும் வருவது மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது. கொழுப்பு சேரச் சேர உடல் இன்சுலினுக்குக் கட்டுப்பட மறுக்கிறது. ஒரு கிலோ கூடினாலே இன்சுலினின் பலன் சுமார் 30 சதவீதம் குறைகிறது. கணையம் கூடுதலாகச் சுரந்து கொஞ்ச காலம் சமாளிக்கும், பிறகு ஓய்ந்துவிடும். பருமனான பூனைக்கு இந்த ஆபத்து நான்கு மடங்கு வரை அதிகம். கருத்தடைக்குப் பிறகு பசி கூடும், உடலின் தேவையோ குறையும். அதற்காகக் கருத்தடையே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம், உணவின் அளவைக் குறைத்தால் போதும்.

இனி உலர் உணவு. பூனை முழு ஊனுண்ணி. அதன் எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் கிடையாது. சாப்பிட்டவுடன் ஏறும் குளுகோஸைக் கையாளும் குளுகோகைனேஸ் நொதியும் கல்லீரலில் மிகக் குறைவு. உலர் உணவுக்கோ, உருண்டை உருண்டையாகப் பிடித்து நிற்க மாவுச்சத்து வேண்டும். 2017இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு ஒன்றில், சரியான எடையுள்ள பூனைகளிலும்கூட உலர் உணவுக்கும் நீரிழிவுக்கும் தொடர்பு தென்பட்டது. மாவுச்சத்து மட்டுமே நோயை உண்டாக்குகிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவும் இல்லை. அதிக எடைதான் குற்றவாளி என்பதற்கான சான்றே வலுவானது. இருந்தும் நான் ஈர உணவின் பக்கம்தான். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வயிறு நிறையும், கலோரி குறைவு.

உறையில் மாவுச்சத்தின் அளவைப் பெரும்பாலும் அச்சிட மாட்டார்கள், நாம்தான் கணக்கிட வேண்டும். ஓர் உலர் உணவில் புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, சாம்பல் (அதாவது தாது உப்புகள்) 8, ஈரம் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 66. மீதி 34 சதவீதம் மாவுச்சத்து. ஈர உணவில் புரதம் 10, கொழுப்பு 5, நார் அரை, சாம்பல் 2, ஈரம் 80 என்றால் மீதி இரண்டரைதான். தண்ணீரைக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும்: முதலாவதில் சுமார் 38 சதவீதம், இரண்டாவதில் 12.5. 'தானியம் இல்லாதது' என்ற வாசகத்தை நம்பி வாங்காதீர்கள். தானியத்துக்குப் பதில் உருளைக்கிழங்கோ பட்டாணியோ இருக்கும், அவையும் மாவுச்சத்துதான்.

உணவைக் கோப்பையால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். விலா எலும்புகளின் மேல் விரல்களை ஓட்டிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை அதிகம். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் குறைந்தால் போதும். தயவுசெய்து பட்டினி போடாதீர்கள். பருமனான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். புதிய உணவைத் தொட மறுத்தால் பழையதோடு கலந்து மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

இதற்கிடையே மணல் தட்டைக் கவனித்து வாருங்கள். சிறுநீரில் திரளும் மண்கட்டிகள் வழக்கத்தைவிடப் பெரிதாவது, தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாவது, நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது ஆகியவை நோயின் அடையாளங்கள். சில பூனைகள் பின்னங்கால் குதிகாலைத் தரையில் பதித்து நடக்கத் தொடங்கும். சர்க்கரை நரம்பைத் தாக்கியதன் விளைவு அது. இவற்றில் எதைக் கண்டாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். மருத்துவமனைக்குப் போன பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறும் என்பதால், முந்தைய ஓரிரு வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையையும் கேளுங்கள். ஆரம்பத்திலேயே இன்சுலினும் மாவுச்சத்து குறைந்த உணவும் தொடங்கிய பூனைகளில் பல, பிறகு ஊசியே தேவையில்லாத நிலைக்குத் திரும்புகின்றன.

இதைப் படிப்பவர்களில் யாருடைய பூனையாவது ஏற்கெனவே இன்சுலின் எடுத்துக்கொண்டிருந்தால், மருத்துவரைக் கேட்காமல் உணவை மாற்றாதீர்கள். மாவுச்சத்து குறைந்ததும் பழைய அளவு இன்சுலினே அதிகமாகி, சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும்.