நகையை அடகு வைத்துக் கப்பல் சுற்றுலா போகலாமா?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் அரச பாடசாலை ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். கணவர் நுவரெலியாவில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 1,85,000 ரூபா கைக்கு வருகிறது. வீட்டுச் செலவு 1,25,000 வரை போகும். மகள் நாலாம் தரம், மகனுக்கு 6 வயது. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். வங்கியில் 8 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது. மாதம் 25,000 சீட்டுக் கட்டுகிறேன், நவம்பரில் 3 இலட்சம் வரும். கொழும்பில் இருக்கும் நாத்தனார் குடும்பம் டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூரில் கப்பல் ஏறி, நாலு இரவு சுற்றுலா போகிறது. எங்களையும் கூப்பிடுகிறார்கள். ‘ஒருவருக்கு 299 டாலர் முதல்’ என்று விளம்பரத்தில் இருந்தது. விமான டிக்கெட்டோடு 8 இலட்சத்தில் முடித்துவிடலாம் என்பது கணவரின் கணக்கு. சீட்டுக் காசு 3 இலட்சம் போக, மீதி 5 இலட்சத்துக்கு என்னுடைய 4 பவுனை அடகு வைக்கலாம் என்கிறார். பிள்ளைகள் இப்போதே கப்பல் படம் வரையத் தொடங்கிவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளோடு ஒருமுறை கப்பலில் போக வேண்டும் என்ற ஆசையை வீண் ஆசை என்று நான் நினைக்கவில்லை. நான் வட்டவளையில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து அறையில் வளர்ந்தவன். கடலை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பதினாறு வயது. அதனால்தான் 2018இல் என் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரில் இருந்து மூன்று இரவுப் பயணம் ஒன்று போய்வந்தோம். இன்றைக்கும் வீட்டில் அந்தப் பேச்சு அடிக்கடி வரும். ஆகவே, போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். இந்த டிசம்பரில், அடகுக் காசில் போகாதீர்கள் என்பதுதான் என் பதில்.

காரணம் அந்த 299 டாலர். அது இரண்டு பேர் தங்கும் ஜன்னல் இல்லாத உள்ளறையில் ஒரு ஆளுக்கு, ஆட்கள் குறைவாக வரும் வாரத்தில் கிடைக்கும் விலை. நவம்பர் பிற்பகுதியில் இருந்து டிசம்பர் கடைசிவரை சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை. அந்த நாட்டுக் குடும்பங்கள் எல்லாம் அப்போதுதான் கப்பலுக்கு வரும். அந்த நேரத்தில் ‘முதல்’ என்ற விலை உங்கள் கைக்கு அகப்படாது.

சரி, 299 டாலருக்கே கிடைத்தது என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். டாலரை 300 ரூபா என்று எடுத்துக்கொள்கிறேன். நாலு பேருக்கு 1,196 டாலர். துறைமுகக் கட்டணமும் வரியும் தனி, ஆளுக்கு 75 டாலர் என்று வைத்தாலும் மொத்தம் கிட்டத்தட்ட 1,500 டாலர் வந்துவிடும், அதாவது நாலரை இலட்சம். அடுத்தது ஊழியர்களுக்கான டிப்ஸ். விரும்பினால் கொடுப்பது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான கப்பல்களில் ஒவ்வொரு ஆளுக்கும், பிள்ளைகளையும் சேர்த்து, நாள் கணக்கில் பில்லில் போட்டுவிடுவார்கள். ஒரு நாளைக்கு 17 டாலர் என்றால் நாலு பேருக்கு நாலு நாளில் 272 டாலர், ஏறக்குறைய 82,000 ரூபா. கட்டுநாயக்கவில் இருந்து சிங்கப்பூர் போய்வர ஆளுக்கு ஒரு இலட்சம் என்றால் நாலு இலட்சம்.

கப்பல் புறப்படும் அன்று காலையில் போய் இறங்குவது ஆபத்து. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, காசும் திரும்பி வராது. அதனால் முன்னால் ஒரு இரவு, பின்னால் ஒரு இரவு சிங்கப்பூரில் தங்க வேண்டும். அதற்கு 1,20,000 போடுங்கள். அங்கே சாப்பாடு, ரயில், பஸ் 60,000. கப்பல் நிற்கும் ஊரில் இறங்கிச் சுற்றிப் பார்க்க 50,000. பயணக் காப்புறுதி 25,000. ஹட்டனில் இருந்து விமான நிலையத்துக்கு வான் போக, வர 40,000. கூட்டினால் 12,27,000 ரூபா. கடவுச்சீட்டுச் செலவு இதில் இல்லை. எதிர்பாராத செலவுக்குப் பத்து வீதம் சேர்த்தால் பதின்மூன்றரை இலட்சம். இவற்றில் பல நான் குத்துமதிப்பாகப் போட்ட தொகைகள், நீங்கள் கேட்கும் நாளில் கூடலாம், குறையலாம். ஆனால் 8 இலட்சத்தில் முடியாது. கப்பலுக்குக் கட்டுவது மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான். உங்கள் கணவரின் கணக்கில் விடுபட்டது மீதிப் பங்கில் பாதி.

8 இலட்சத்துக்கு மேல் தேவைப்படும் அந்த ஐந்தரை இலட்சத்தைச் சிங்கப்பூரில் இருந்துகொண்டு எப்படிப் புரட்டுவீர்கள்? கடனட்டையைத்தான் நீட்ட வேண்டும். வெளிநாட்டில் தேய்த்தால் நாணய மாற்றுக்கு வங்கி எடுப்பது ஒரு பக்கம், முத்திரைத் தீர்வை ஒரு பக்கம். அப்புறம் மாதாமாதம் ஏறும் வட்டி. இங்கே அடகுக் கடைசித் திகதி, அங்கே அட்டைக் கடைசித் திகதி என்று ஜனவரியில் வீட்டில் தொடங்கும் வாக்குவாதத்தில், பிள்ளைகள் கப்பலில் பார்த்ததெல்லாம் மறந்துபோகும். 5 இலட்சம் அடகுக்கு வருடத்துக்கு 12 வீதம் வட்டி என்றே வைத்தாலும் 60,000 ரூபா. அது உங்கள் வீட்டின் அரை மாதச் செலவு.

‘அடகு எதற்கு, நிலையான வைப்பில் 8 இலட்சம் இருக்கிறதே’ என்று கணவர் கேட்கக்கூடும். அதைத் தொடவே கூடாது. உங்கள் ஆறு மாதச் செலவு ஏழரை இலட்சம், அந்த வைப்பு சரியாக அதற்குத்தான் காணும். மலையகத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை வீடுகள் போயின, எத்தனை பாதைகள் அறுந்தன, ரயில் பாதை எத்தனை இடத்தில் உடைந்தது என்று நாம் கண்ணால் பார்த்தோம். அந்த வாரங்களில் கையில் காசு இருந்த குடும்பம் வாடகைக்கு ஒரு இடம் பார்த்துக்கொண்டது. இல்லாதவர்கள் பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்தார்கள். அந்த 8 இலட்சம் உங்கள் மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் கூரை.

அப்படியென்றால் எப்போது போவது? மகளுக்கு அடுத்த வருடம் ஆகஸ்டில் புலமைப்பரிசில் பரீட்சை. அது முடிந்து, அதற்கடுத்த ஏப்ரல், சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. அதைத்தான் நான் சொல்வேன். ஏப்ரலில் நமக்கு விடுமுறை, சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி. அதனால் விலை இறங்கும். கடலும் அமைதியாக இருக்கும் மாதம் அது. மகனுக்கும் அப்போது 8 வயது ஆகியிருக்கும். ஆறு வயதில் போனதைவிட எட்டு வயதில் போனது மனதில் அதிகம் தங்கும். நாங்கள் போனபோது என் இளையவனுக்கு 5 வயது. கப்பலில் பிள்ளைகளுக்கென்று விளையாட்டறை உண்டு, பகல் நேரத்தில் இலவசம். முதல் நாள் அவன் வாசலிலேயே அழுதுவிட்டான். அங்கே பேசுவது எல்லாம் ஆங்கிலம், அவனுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அன்று முழுக்க நானும் மனைவியும் மாறி மாறி அவனைத் தூக்கிக்கொண்டே நடந்தோம். இரண்டாம் நாள் ஒரு மலேசியத் தமிழ்ப் பிள்ளை கிடைத்தான். அதற்குப் பிறகு சாப்பிடக்கூட வெளியே வர மறுத்தான்.

இன்னும் ஏறக்குறைய 20 மாதம் இருக்கிறது. நவம்பரில் வரும் 3 இலட்சத்தை அப்படியே தனி வைப்பில் போடுங்கள். சீட்டு முடிந்ததும் இன்னொரு சீட்டில் சேருங்கள், அதில் 3 இலட்சம். உங்கள் செலவும் சீட்டும் போக மாதம் 35,000 மிஞ்சுகிறது. அது 20 மாதத்தில் 7 இலட்சம். மொத்தம் 13 இலட்சம், வைப்பு வட்டியோடு பதின்மூன்றரையைத் தொடும். வைப்பு போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். ஒருவருடைய வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டிருந்தால் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அந்தப் பிடித்தத்தைத் தவிர்க்கலாம். சம்பளத்தைத் தனித்தனியாகப் பார்த்தால் உங்கள் இருவருக்கும் அது பொருந்தும் என்றே தெரிகிறது.

20 மாதச் சேமிப்பு முழுவதும் ஒரு பயணத்துக்கா என்று உங்கள் மனம் உறுத்தினால் அந்த உறுத்தல் நியாயமானது. மூன்று இரவுப் பயணமாகக் குறையுங்கள், கரையில் இறங்கும் சுற்றுலாவைக் கப்பலில் வாங்காமல் நீங்களே டாக்சி பிடித்துப் போங்கள். ஒரு இலட்சத்துக்கு மேல் மிஞ்சும். டாலரும் ஒரு பயம்தான். 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டாலர் அதே மே மாதம் 360ஐ எட்டியது. அப்போது கப்பலுக்குப் பதிவு செய்துவிட்டு மீதிக் காசைக் கட்ட முடியாமல் முற்பணத்தை இழந்த ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அதனால் கையில் பாதிக்கு மேல் சேர்ந்த பிறகுதான் முற்பணம் கட்டுங்கள். எந்தத் திகதிக்கு முன் ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கப்பலில் ஏறிய பிறகு காசு கரையும் வழிகளையும் சொல்கிறேன், இரண்டும் என் வீட்டில் நடந்தவை. ஏறியதும் ஆளுக்கொரு அட்டை தருவார்கள். அறைச் சாவியும் அதுதான், காசும் அதுதான். என் மகள் அந்த அட்டையைக் காட்டிக் காட்டி விளையாட்டு இயந்திரங்களில் ஒரு மாலையில் 64 டாலர் செலவழித்துவிட்டாள். பிள்ளைக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியது நான். முதல் நாளே வரவேற்பு மேசையில் போய், பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்யும் வசதியை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது கைத்தொலைபேசி. நடுக்கடலில் கப்பலின் சொந்த வலையமைப்பில் அது தானாகவே இணைந்துவிடும். ஊர் திரும்பிய பிறகு 11,000 ரூபா பில் வந்தது. கப்பலில் கால் வைத்ததுமே விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

காப்புறுதியை மட்டும் குறைக்காதீர்கள். மூன்றாம் நாள் இளையவனுக்குக் காய்ச்சல். கப்பல் வைத்தியர் ஒருமுறை பார்த்ததற்கே 150 டாலருக்கு மேல் ஆயிற்று, காப்புறுதி இருந்ததால் காசு திரும்பி வந்தது. பிள்ளைகளுக்குப் பிடித்தது எல்லாம் டிக்கெட் விலைக்குள் அடங்கியவைதான் என்பதையும் சொல்ல வேண்டும். மேல்கூரையில் இருந்து இறங்கும் கட்டில், நினைத்த நேரத்தில் கிடைக்கும் ஐஸ்கிரீம், துவாயை மடித்துச் செய்த யானை. மகள் அந்த யானையைப் பிரிக்க விடாமல் மூன்று இரவும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

பெரிய காசைக் கட்டும் முன் பிள்ளைகளுக்குக் கடல் ஒத்துக்கொள்கிறதா என்று சின்னச் செலவில் பார்த்துவிடலாம். யாழ்ப்பாணம் போகும்போது குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போய்வாருங்கள், முடிந்தால் நெடுந்தீவு வரைக்கும் போங்கள், அது கிட்டத்தட்ட ஒரு மணி நேரக் கடல். அதையும் தாண்டிக் கொஞ்சம் பெரிய கப்பல் வேண்டும் என்றால் காங்கேசன்துறை–நாகப்பட்டினம் சேவை இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தது. இந்திய விசா எடுக்க வேண்டும், ஆனால் சிங்கப்பூர்ப் பயணத்தோடு பார்க்கும்போது சிறிய செலவு. சென்னையில் ஏறும் சொகுசுக் கப்பல் 2023 ஜூனில் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்து போனதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒன்றில் போவதென்றால் சென்னைக்குத் திரும்பவும் நுழைய அனுமதிக்கும் விசாவா என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக உங்கள் மாமியார். கணக்கில் நீங்கள் அவரைச் சேர்க்கவில்லை. அவர் வருவதில்லை என்று முடிவெடுத்தது அவரா, நீங்களா என்று எனக்குத் தெரியாது. மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம்முடைய எத்தனையோ வீடுகளில் அக்காவோ, தம்பியோ தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போய், பிறகு முகம் பார்க்கவே கிடைக்கவில்லை. என் அம்மாவுக்குக் கப்பல் என்ற சொல்லே பிடிக்காது. 2018இல் நான் அவரைக் கேட்காமலேயே ‘அம்மா வரமாட்டார்’ என்று முடிவு செய்துவிட்டேன். திரும்பி வந்து படங்களைக் காட்டியபோது, ‘என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே’ என்றார். அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. நீங்கள் கேளுங்கள். வருகிறேன் என்றால் ஐந்து பேருக்கு ஒரு அறை போதாது, இரண்டு அறை எடுக்க வேண்டும். இரண்டாவது அறையில் அவர் தனியாகத் தங்கினால் அதற்கு இரண்டு ஆள் கட்டணம் வாங்குவார்கள். அதைவிட மகளையும் அவரோடு ஒரு அறையில் போட்டால் காசு வீணாகாது. விமான டிக்கெட்டும், வயதுக்கு ஏற்பக் கூடும் காப்புறுதியும் சேர்த்து மூன்று இலட்சமாவது ஏறும், பயணம் ஏழெட்டு மாதம் தள்ளி டிசம்பர்ப் பக்கம் போகும். அந்த விலையேற்றத்தைத் தவிர்க்க அதற்கடுத்த ஏப்ரல்வரை பொறுத்தாலும் நல்லதுதான்.

நாத்தனாரிடம், பரீட்சை முடியட்டும், அதற்குப் பிறகு வருகிறோம் என்று சொல்லுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. 4 பவுன் அலுமாரியிலேயே இருக்கட்டும். நவம்பரில் சீட்டுக் காசு கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், அன்றைய வட்டி வீதங்களைப் பார்த்து எத்தனை மாத வைப்பில் போடலாம் என்று சொல்கிறேன்.